கைப்பிடிக் கடலையில் உருண்ட பந்து

ஒரு கோல் போட என்ன செலவாகும்? இந்தக் கேள்வியை வேறு ஊரில் யாராவது கேட்டார்களோ என்னவோ, செஞ்சியில் பிலவேந்திரன் கேட்டார். கேட்டதோடு விடவில்லை. கணக்குப் போட்டு விடையும் சொன்னார்.

"அரை மூட்டைடா விநாயகம். ஒரு கோலுக்கு அரை மூட்டைக் கடலை."

அது நாற்பத்தாறாம் வருஷம். அடுத்த வருஷம் அதே கோல் நாலு மூட்டையைத் தாண்டிவிட்டது. அது எப்படித் தாண்டியது, தாண்டிய பிறகு அந்த மனுஷன் என்ன செய்தார் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பிலவேந்திரன் ஜகபர் அலி பாயின் வேர்க்கடலை மண்டியில் எடை போடுகிறவர். விநாயகம் என்கிற நான் அதே மண்டியில் மூட்டை தூக்குகிறவன். அவர் ஆள் ஒல்லி, கை மட்டும் முறம் மாதிரி. மூட்டையை ஒரு எத்து எத்தினால் போதும், உள்ளே கல் கிடக்கிறதா, ஈரக்கடலை கலந்திருக்கிறதா, சத்தத்திலேயே சொல்லிவிடுவார். அவர் தராசு முள்ளைப் பார்த்துச் சொன்ன எடைக்கு எந்தக் குடியானவனும் மறு எடை கேட்டதில்லை.

எங்கள் மண்டியில் ஒரு வழக்கம் இருந்தது. மூட்டை தராசில் ஏறுவதற்கு முன்னால் எடைக்காரர் அதிலிருந்து கோயிலுக்கு ஒரு கைப்பிடி, பள்ளிவாசலுக்கு ஒரு கைப்பிடி, மாதா கோயிலுக்கு ஒரு கைப்பிடி அள்ளித் தனித்தனித் தொட்டியில் போடுவார். மகமை என்று பெயர். விற்கிறவனும் வாங்குகிறவனும் முகம் சுளிக்க மாட்டார்கள். பிலவேந்திரன் நாலாவதாக ஒரு தொட்டி வைத்தார். அது பந்துக்கு.

வேடிக்கை என்னவென்றால் அவர் ஒருநாளும் பந்தை உதைத்தவரில்லை. விழுப்புரம் ரயிலடிக்கு மூட்டை ஏற்றப் போன இடத்தில் ரயில்வேக்காரர்கள் ஆடுவதைப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் நின்ற ஆளிடம், "இருபத்திரண்டு பேர் அடிச்சிக்கிறாங்களே, கடைசியில அந்தப் பந்து யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டாராம். யாருக்கும் இல்லை என்று அவன் சொல்ல, இவர் இரண்டு ரயிலை விட்டுவிட்டுக் கடைசி வரைக்கும் நின்று பார்த்தாராம். அன்றைக்குப் பிடித்தது.

பாயைத் தலைவராக்கி, தான் காரியதரிசியாகி, மண்டி ஆட்களையும் குடியானவப் பிள்ளைகளையும் சேர்த்துப் பதினோரு பேரை இறக்கினார். நான் பின்னால் நின்று தடுக்கிற ஆள். சிங்கவரம் போகிற வழியில் நிலம் வைத்திருந்த பாவாடைதான் கோல்கீப்பர். அவன் நிலத்தை ஒட்டி ஒன்றரை ஏக்கர் கரம்பு நிலம் சும்மா கிடந்தது. மூன்று வருஷக் கைப்பிடிக் கடலையை விற்று அதைக் கிளப் பேரில் வாங்கினோம். சாயங்காலம் ஆனால் ராஜகிரி மலையின் நிழல் நீண்டு வந்து பாதி மைதானத்தை மூடும். வெறுங்காலோடுதான் ஆடினோம். பந்து இரண்டு, சுண்ணாம்பு, வெளியூர் போனால் வண்டிக் கூலி. அவ்வளவுதான் செலவு. மீதி கையில் நின்றது.

நாற்பத்தாறில் திண்டிவனத்துக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் விழுப்புரம் ரயில்வேயிடம் மூன்று கோலில் தோற்றோம். அன்று வண்டியில் திரும்பும்போது பிலவேந்திரன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாதி வழி தாண்டின பிறகு கேட்டார்.

"ஏன்டா விநாயகம், அவனுங்க இன்னா துன்றானுங்க?"

"நம்ம துன்றதுதான் அண்ணே. ஆனா அவனுங்களுக்கு ரயில்வே சம்பளம் குடுக்குது. மத்தியானத்துக்கு மேல வேலையே இல்ல, பந்துதான்."

"சம்பளமா? பந்து ஆடவா?"

அந்த வார்த்தை அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சம்பளம் கொடுத்தால் ஒரு ஆள் எத்தனை கோல் போடுவான் என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியவில்லை. ஊர் பேருக்காகச் செய்தார் என்று பின்னால் பலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எத்திப் பார்க்காமல் மூட்டையை விடாத ஆள் அவர்.

நாற்பத்தேழு ஆவணியில் கோலார் தங்கவயலிலிருந்து தனகோட்டி என்ற ஆட்டக்காரன் வந்து இறங்கினான். மாதம் நாற்பது ரூபாய். கூட இன்னும் இரண்டு பேர், ஆளுக்கு முப்பது. சாப்பாடு பாய் வீட்டிலிருந்து. வெளியூர்க்காரன் பூட்ஸ் போட்டிருக்கும்போது உள்ளூர்க்காரன் வெறுங்காலா என்று பேச்சு வந்தது. பதினோரு ஜோடி பூட்ஸ் வந்தது. பூட்ஸ் போட்டு ஆடினால் பார்க்கப் பெரிய மனுஷர்கள் வருவார்கள், அவர்களை மண்ணிலா உட்கார வைப்பது? சவுக்குக் கழி கட்டி மேடை எழும்பியது. ஒரு செலவு தன் தம்பியைக் கூட்டி வந்தது, அது தன் மச்சானைக் கூட்டி வந்தது.

பிலவேந்திரனுடைய சம்பளம் இருபத்தெட்டு ரூபாய். அவர் மனைவி இருதயமேரி என் எதிரிலேயே கேட்டார்கள்.

"இந்தா பாருங்க, அந்தக் கோலார் பையனுக்கு நாப்பது, உங்களுக்கு இருபத்தெட்டு. அவன் மூட்டை எடை போடுறானா, இல்ல நீங்க போயி பந்து ஆடுறீங்களா?"

"பணம் நம்முது இல்ல மேரி. கடலைப் பணம்."

"கடலை எங்க இருக்குது? இன்னும் மண்ணுக்குள்ள இருக்குது."

அதற்குத்தான் பிலவேந்திரன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சிங்கவரம் பக்கம் காடு காடாகச் சுற்றினார். ஆவணி மாசம், மானாவாரிக் கடலை பூத்துக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் மஞ்சள். வரப்பில் நின்றபடியே ஏக்கருக்கு இத்தனை மூட்டை, மூட்டைக்கு ஒரு கைப்பிடி என்று எண்ணினார். நானூறு ரூபாய்க்குக் குறையாது என்று முடிவு கட்டினார். நேரே திண்டிவனம் போனார். அங்கே ஒரு எண்ணெய் வியாபாரியிடம், வரப்போகிற கைப்பிடிக் கடலையைப் பேசி நானூறு ரூபாய் முன்பணம் வாங்கினார். தை முதல் தேதிக்குள் பணமோ கடலையோ வராவிட்டால் மைதானம் வியாபாரிக்கு. பாயும் அவருமாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

மூட்டைக்குள் இருக்கிற கடலை அவருக்கு அத்துப்படி. மண்ணுக்குள் இருக்கிற கடலையை அவருக்குத் தெரியாது. பூத்தால் காய்க்கும் என்று நினைத்துவிட்டார். பாவாடையிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். பூ வாடின பிறகு விழுது மண்ணுக்குள் இறங்க வேண்டும், இறங்க மண் பதமாக இருக்க வேண்டும். அந்தப் புரட்டாசியில் ஒரு பொட்டுத் தூறல் இல்லை. மண் இறுகிப்போனது. விழுது அந்தரத்தில் தொங்கிக் கருகியது. கார்த்திகையில் பிடுங்கினபோது செடிக்கு இரண்டு காய், அதிலும் ஒன்று பொக்கு.

மண்டியில் மூட்டை வரவில்லை. நாலாவது தொட்டியின் அடி தெரிந்தது. தனகோட்டிக்கும் மற்ற இருவருக்கும் ஒரு மாதச் சம்பளம் நின்றுபோனது. மார்கழியில் விழுப்புரத்தில் இன்னொரு கோப்பைக்கான ஆட்டம். அரை இறுதிக்கு வந்திருந்தோம். எதிரே அதே ரயில்வே.

பாய் மண்டியில் எல்லாரையும் கூப்பிட்டார். "கோப்பைய ஜெயிச்சிட்டா ஊரே வாரிக் குடுக்கும். போயி ஆடுவோம்."

பிலவேந்திரன் கேட்டார், "பாய், அந்தக் கோப்பையில வெள்ளி எவ்ளோ இருக்கும்?"

"இன்னா கேள்வி இது?"

"போன ஆட்டத்துக்குப் போனப்ப தூக்கிப் பாத்தேன். பித்தளைமேல வெள்ளி பூசி இருக்குது. உருக்கினா முப்பது ரூபா தேறாது. போக, வர, தங்க இருபது ரூபா ஆவும். அந்த இருபதுதான் கையில இருக்குது. மைதானம் போச்சுன்னா கோப்பைய எங்க வெச்சிக்கிட்டு ஆடறது?"

"அப்போ ஆட வேணாம்ன்றியா?"

"வேணாம்."

நான்தான் முதலில் கத்தினேன். "ரயில்வேக்காரன் சிரிப்பான் அண்ணே! பயந்துட்டோம்னு சொல்லுவான்!"

"சொல்லட்டும்டா. பயந்துதான் இருக்கிறேன்."

கடைசியில் ஆட்டத்துக்குப் போகவில்லை. இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. பாய் நினைத்தால் அந்த நானூறைத் தன் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருக்கலாம். பாயிடமே கேட்டேன். "குடுக்கலாம்டா. குடுத்தா அது என் கிளப்பு ஆயிடும். நாளைக்கு என் மச்சானைத்தான் கோலுக்கு முன்னாடி நிக்க வெப்பேன். அவன் பந்தைப் பாத்தா கண்ணை மூடிக்கிறவன்" என்றார்.

பூட்ஸ் பதினோரு ஜோடியும் விலைக்குப் போயின. சவுக்குக் கழி போனது. கையிலிருந்த இருபதையும் சேர்த்து நூற்றுப் பத்து ஆனது. வெளியூர்க்காரர்களின் சம்பள பாக்கிக்குப் பிலவேந்திரன் தன் சைக்கிளை விற்றார். பணத்தை எண்ணிக் கொடுத்தபோது தனகோட்டி வாங்கத் தயங்கினான்.

"அண்ணே, நான் நாலு ஊர் கிளப்புல ஆடிட்டேன். எந்த ஊருக்குப் போனாலும் மூணாம் மாசம் இதே மூஞ்சியத்தான் பாக்கறேன். பணத்தோட வர்ற மூஞ்சிய இங்கதான் பாக்கறேன்."

"எல்லா ஊர்லயும் இப்படியா?" பிலவேந்திரனுக்கு அந்த நிலைமையிலும் ஆவல். "ரயில்வே?"

"ரயில்வேய விடுங்க. அதுக்கு ரயில் ஓடுது. மத்தவங்க எல்லாம் பக்கத்து ஊர் ஒரு ஆளைக் கூட்டியாந்தா இவங்க ரெண்டு ஆளு. அவ்ளோதான்."

மூவரும் பஸ் ஏறினார்கள். மீதி இருநூற்றுத் தொண்ணூறு ரூபாய்க்கு வழியில்லை. தை பிறக்கப் பத்து நாள். பிலவேந்திரன் தினமும் மண்டி விட்டதும் மைதானத்துக்கு நடந்துபோய் நடுவில் நிற்பார். ஒரு நாள் நானும் போனேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆணியால் மண்ணைக் குத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாவாடை தன் கிணற்றுக் கவலை ஏற்றத்தில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான்.

"பாவாடை, இந்த மண்ணுல கடலை வருமா?"

"மைதானத்துலயா? நாலு வருசமா நாமளே மிதிச்சி வெச்சிருக்கறோம். கலப்பை ஏறாது."

"தண்ணி கட்டினா?"

பாவாடை மாட்டை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தான். "தண்ணி கட்டி நாலு ஓட்டு ஓட்டினா ஏறும். தை விதைப்பு, வைகாசியில அறுப்பு. விழுது எறங்கற நேரம் மட்டும் காயவே கூடாது. கொடி எனக்கு வேணும், மாட்டுக்கு. தண்ணி நான் தர்றேன்."

மறுநாள் பிலவேந்திரன் திண்டிவனம் போய், நூற்றுப் பத்தை வியாபாரி முன்னால் வைத்து வைகாசி வரை தவணை கேட்டார். வியாபாரி சிரித்தாராம். "பந்து ஆடற எடத்துல கடலை விளையுமாய்யா?"

"தெரியாதுங்க. போட்டுப் பாத்தாத்தான் தெரியும். விளைஞ்சா உங்க செக்குக்கு வருது. விளையலைன்னா நிலம் எங்க போவப்போவுது?"

செக்குக்காரருக்கு அந்த வருஷம் நிலத்தைவிடக் கடலைதான் அருமை. பன்னிரண்டு ரூபாய் வட்டி போட்டு ஒத்துக்கொண்டார். விதைக்கடலை பாய் கொடுத்தார். இரண்டு மூட்டைக்கு மூன்றாகத் திருப்பித் தர வேண்டும்.

அந்தத் தை மாதம் சிங்கவரம் ரோட்டில் போனவர்களெல்லாம் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். கோல் கம்பம் இரண்டு பக்கமும் நிற்கிறது, நடுவில் ஏர் ஓடுகிறது. "பதினோரு பேரும் இருக்கிறீங்க, பந்தைக் காணமே? விதைச்சிட்டீங்களா?" என்று கத்திவிட்டுப் போவார்கள். முறை வைத்துத் தண்ணீர் கட்டினோம், களை பறித்தோம். இருதயமேரி அக்கா கஞ்சியோடு வந்து, "இப்பத்தான் இந்தக் கிளப்புல வேலை நடக்குது" என்றார்கள்.

மாசியில் பூத்தது. பிலவேந்திரன் பூவை ஏறிட்டும் பார்க்கவில்லை. தினமும் மண்டிக்குப் போகும் முன் வந்து, செடிக்கு அடியில் விரலை விட்டு மண் பதம் பார்ப்பார். ஒரு செடியை மெல்லச் சாய்த்து, விழுது இறங்கிவிட்டதா என்று மூக்கு மண்ணில் இடிக்கக் குனிவார். முதல் விழுது மண்ணுக்குள் போனதை எனக்குக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு ஊசி நுனி போல இருந்தது. "இத்தினியூண்டு. இதுக்குத்தான்டா நானூறு ரூபா வாங்கி இருக்கிறேன், பாக்காமலே" என்றார்.

வைகாசியில் பிடுங்கிக் காயவைத்தோம். இருபத்தேழு மூட்டை. மண்டிக்குக் கொண்டுவந்து அடுக்கினோம். பிலவேந்திரன் முதல் மூட்டையைத் தராசுக்கு ஏற்றுமுன் எத்திப் பார்த்தார். பிறகு கோயிலுக்கு ஒரு கை, பள்ளிவாசலுக்கு ஒரு கை, மாதா கோயிலுக்கு ஒரு கை அள்ளினார். நாலாவதாக அள்ளிப் பந்துத் தொட்டியில் போட்டார்.

பாவாடை சிரித்தான். "அண்ணே, நம்ம கடலையில நாமளே எடுத்து நமக்கே போட்டுக்கறதா?"

"மூட்டை தராசுல ஏறினா கைப்பிடி உண்டு. யார் மூட்டைன்னு தராசுக்குத் தெரியுமா?"

பாய்க்கு விதைக்கு மூன்று போக இருபத்து நாலு மூட்டை. பதின்மூன்று ரூபாய் வீதம் முந்நூற்றுப் பன்னிரண்டு. வியாபாரிக்கு வட்டியோடு முந்நூற்று இரண்டு. பத்திரத்தைக் கிழித்துக் கொடுத்தார். கையில் நின்றது பத்து ரூபாய், தொட்டியில் இருபத்தேழு கைப்பிடி. அதில் ஒரு பந்து வாங்கினோம்.

"அண்ணே, இந்த வருசம் ஒரு கோல் இன்னா விலை?" என்று சீண்டினேன்.

"கோலே போடலியேடா. எதால வகுக்கறது?" உண்மையிலேயே யோசித்தார். அந்த இடத்தைத் தன் கணக்கு நோட்டில் காலியாக விட்டார்.

ஆடியில் ஒரு மழை பெய்த பிறகு முதல் ஆட்டம் வைத்தோம். வெறுங்கால்தான். மண் பொதபொதவென்று இருந்தது, பந்து எழும்பவே இல்லை. பாதி ஆட்டத்தில் பிலவேந்திரன் திடீரென்று கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். எங்கள் கண்ணுக்குத் தப்பின கடலை ஒன்று பாவாடையின் கோலுக்கு முன்னால் முளைத்து, ஒற்றைப் பூவோடு நின்றது. ஆட்டக்காரர்கள் சுற்றி ஓட, இவர் பாட்டுக்குக் குனிந்து அதன் அடி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"யோவ் காரியதரிசி, வெளியே போய்யா!" என்று நடுவர் விசில் ஊதினார்.

"ஒரு நிமிசம்ங்க," என்றார் பிலவேந்திரன். "இன்னும் எறங்கல."