டாக்டர் சாப்பிடாத முட்டை

ஸ்கெல்டே ஆற்றங்கரையில் எங்கள் தெருவில் கோழி இல்லாத வீடு இல்லை. சமையலறை மிச்சமெல்லாம் கோழிக்கு, முட்டையெல்லாம் பிள்ளைகளுக்கு. பக்கத்து வீட்டு ஃபிர்மின் வாராவாரம் தன் மகள் ரோஸ்லீனுக்கு முட்டை கொண்டுபோவான். இரண்டு கரு கலைந்து, மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்தாள் அவள். பிள்ளை பிறந்தால் ஊருக்குக் கொடுக்கச் சர்க்கரை பூசிய பாதாமை இப்போதே சொல்லி வைத்துவிட்டான், அவசரக்காரன்.

தெருக்கோடியில் ரசாயன ஆலை. மீசை முளைத்த நாளிலிருந்து ஃபிர்மினுக்கு அங்கேதான் வேலை. ஆண்டுதோறும் ஆலை டாக்டர் எல்லோருக்கும் ரத்தம் எடுப்பார். எடுத்த கையோடு காப்பியும் ஆப்பிள் பன்னும் கிடைக்கும். முடிவு என்ன என்று யாராவது கேட்டால், "ஏதாவது இருந்தா சொல்ல மாட்டோமா?" என்பார். பன்னைத் தின்றுவிட்டு ரத்தத்தை மறந்த ஜனங்கள் நாங்கள்.

ஈஸ்டருக்கு டாக்டருக்கு ஒரு கூடை முட்டை கொடுப்பது ஃபிர்மினின் வழக்கம். வைக்கோல் பரப்பி, மஞ்சள் நாடா கட்டி இந்த ஆண்டும் கொடுத்தான். அவரும் பல்லெல்லாம் தெரிய வாங்கிக்கொண்டார். சாயங்காலம் ஆலைக் குப்பை கொட்டப் போனவன், தொட்டிக்குள் அந்த மஞ்சள் நாடாவைப் பார்த்தான். கூடை கொடுத்தபடியே கிடந்தது.

நேரே டாக்டர் அறைக்குப் போனான்.

"முட்டையை ஏன் எறிஞ்சீங்க?"

"எனக்குக் கொலஸ்ட்ரால், ஃபிர்மின்."

"என் பொண்ணு மாசமா இருக்கா. அவ சாப்பிடலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லிடுங்க டாக்டர். கால்ல வேணா விழுறேன்."

டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார். "உனக்குச் சொன்னா தெருவுக்கே சொல்லணும். அப்புறம் எங்க பேச்சை எவன் நம்புவான்? நீயும் வாயைத் திறக்காதே. வேலையை நினைச்சுக்கோ."

அன்றைக்கே கோழிகளின் கழுத்தைத் திருகிப் புதைத்தான். ரோஸ்லீனிடம் நரி தூக்கிவிட்டது என்றான். என்னிடமும் அதையேதான் சொன்னான். நான் பாவி, அதை நம்பி என் கோழிக் கூண்டுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டேன்.

அடுத்த வாரம் ரோஸ்லீன் வயிற்றைத் தாங்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அத்தை, அந்த நரிக்கும் உங்களுக்கும் ஏதாவது ஒப்பந்தமா? உங்க கோழியை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கு! நாலு முட்டை குடுங்களேன்."

"உனக்கு இல்லாததா, கண்ணு?" என்று கூடையை நீட்டினேன்.

வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்த ஃபிர்மின் அதைத் தட்டிவிட்டான். முட்டையெல்லாம் என் காலடியில் உடைந்தன.

"வேணாம்மா! நரியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அந்த ஆலை டாக்டரே வாயில வைக்கல. குப்பையில போட்டுட்டான்!" வேலியைப் பிடித்தபடி உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

ரோஸ்லீனின் இரண்டு கையும் வயிற்றுக்குப் போயின. "உங்களுக்கு எப்பப்பா தெரியும்?"

"ஈஸ்டர்லயே."

என் மகளுக்குக் கைக்குழந்தை. நேற்றுக் காலைதான் அவளுக்கு ஒரு கூடை முட்டை கொண்டுபோனேன். அதைச் சைக்கிளில் கட்டிக்கொடுத்தவன் ஃபிர்மின்.