அக்காவுக்குத் தெரியாத வேண்டுதல்

சுகர் என்றால் வயதானவர்களுக்கு வரும், குண்டானவர்களுக்கு வரும் என்றுதான் நினைத்திருந்தேன். எலும்பும் தோலுமாக இருந்த எனக்கு இருபத்திரண்டு வயதில் வந்தது. "கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்கள் திட்டுத் திட்டா இருக்கும்மா. உன் உடம்பே அதுல முக்கால்வாசியை அழிச்சிடுச்சு. மிச்சம் இருக்கிறது போதாது, இனி ஊசிதான்" என்றார் டாக்டர். எங்கள் ஃபேக்டரி லைனில் முக்கால்வாசிப் பேரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு அதே டார்கெட்டைக் கேட்பதுபோல என்று புரிந்துகொண்டேன். போனதெல்லாம் திரும்ப வருமா என்று கேட்டேன். "வராதும்மா" என்றார்.

ஒரகடத்தில் எனக்கு கான்ட்ராக்ட் வேலை. தெரிந்தால் நீட்டிக்க மாட்டார்கள், தென்காசிப் பக்கம் ஊருக்கே திரும்ப வேண்டியதுதான் என்று பயம். அதனால் ஹாஸ்டல் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஊசி போட்டேன். டீ பிரேக்கில் சர்க்கரை வேண்டாம் என்றதும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். "இன்னாடி, எதுனா வேண்டுதலா?" என்று கேட்டாள் பக்கத்துக் கட்டில் அக்கா, செய்யாறுக்காரி. நல்லதாய்ப் போயிற்று என்று தலையாட்டினேன். மாப்பிள்ளைக்காகத்தான் என்று அவர்களே முடிவு கட்டி, கம்பெனி பஸ்ஸில் வழி முழுக்க என்னை ஓட்டித் தள்ளினார்கள். நானும் சிரித்தேன். அவ்வளவு பேர் நடுவில் அத்தனை தனியாக நான் இருந்ததே இல்லை.

பிறகு அக்காவும் இனிப்பை விட்டாள். "உனக்குச் சீக்கிரம் பலிக்கட்டும்டி" என்றாள். சர்க்கரை போடாத டீயை அவள் முகம் சுளித்துக் குடிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வந்தது. இவளை யார் கேட்டார்கள்? உண்மையைச் சொல்ல வாயெடுப்பேன், பயந்து மூடிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தேன். மெஸ்ஸில் சோறு வர நேரமாகிவிட்டது. கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. ஊசி போட்டுச் சாப்பிடாமல் ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் உடனே இனிப்புச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரூமுக்கு வந்து, பெட்டியில் ஒளித்து வைத்திருந்த தேன்மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தேன். அக்கா பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டாள்.

"இம்மாம் நாள் இருந்துட்டு இப்போ கெடுத்துக்கிறியே! தர மாட்டேன் போ."

என் வேண்டுதலைக் காப்பாற்றுகிறாளாம். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"யக்கா, வேண்டுதல் எல்லாம் இல்லக்கா. எனக்கு சுகர். ஊசி போட்டுக்கிட்டு இருக்கேன். இப்போ சுகர் ரொம்ப இறங்கிருச்சு, இனிப்புச் சாப்பிட்டாத்தான் சரியாகும்."

மிட்டாயை அவளே என் வாயில் போட்டாள். இன்னொன்றையும் போட்டாள். நடுக்கம் அடங்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். இப்படி ஏமாற்றினாயே என்று திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"இத்தினி நாளா தனியாவா ஊசி போட்டுக்கினு இருந்தே?" என்று கேட்டாள்.

அதற்குத்தான் அழுதேன்.