ஒரு கட்டை இறக்கி

சென்ற மாதம் ஆனைக்கரையில் ஒரு ஜீப் இரண்டாகப் பிளந்தது.

விபத்தெல்லாம் இல்லை. ஒரு பாடகிதான் காரணம். பெயர் சொல்ல மாட்டேன்... சொன்னால் உங்கள் வீட்டிலும் சண்டை வரும். நீங்களும் நானும் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் சினிமாக் குரல்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தம்மாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது.

சண்டைக்கு விதை போட்டவன் நான்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஓர் ஊரில் இரண்டு மழைக்கு மேல் தங்காதவன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இந்த சீசனுக்கு ஆனைக்கரையில் ஏலக்காட்டு வேலை. காட்டிலிருந்து காய் மூட்டையைச் சுமந்து ஜீப்பில் ஏற்ற வேண்டும். முதுகு போகும், அட்டை கடிக்கும், சோறு கிடைக்கும். போன வருஷம் மீனாட்சிபுரத்தில் மாடு கறந்துகொண்டிருந்தேன். அங்கே எனக்கு முதலாளியாக இருந்த கிட்டுசாமிக் கவுண்டர் ஒரு காலையில் போன் செய்தார். கோயில் திருவிழாவுக்கு அந்தம்மா பாட வருகிறாராம். நான் யாரைக் கூட்டி வந்தாலும் சாப்பாடும் படுக்கையும் தன் தோட்டத்தில் என்றார்.

வேலைக்குப் போகும் ஜீப்பில் இதைச் சொன்னேன். அவ்வளவுதான்.

பாதிப் பேர் போயே ஆக வேண்டும் என்றார்கள். ஜீப் ஓட்டும் அந்தோணி அந்தக் கட்சிக்குத் தலைவர். மீதிப் பேர் கூடவே கூடாது என்றார்கள். அவர்கள் கையில் ஆதாரம் இருந்தது — போனில் சுற்றும் ஒரு வீடியோ. எங்கோ ஒரு மேடையில் அந்தம்மாவின் குரல் உடைகிறது. கீழே சிரிக்கும் பொம்மைகளோடு கமென்ட்டுகள்.

போகக் கூடாது கட்சியின் தலைவி ரோஸம்மாக்கா.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஏலச்செடி ஆளைவிட உயரம். காயோ அடியில், மண்ணை ஒட்டிய சரத்தில். குனிந்து உட்கார்ந்து காய் எடுக்கும் பெண்களுக்கு அடுத்த வரிசையில் இருப்பவள் தெரியமாட்டாள். பனிமூட்டமாக மஞ்சு இறங்கினால் சொந்தக் கையே தெரியாது. அதனால் பாடிக்கொண்டே வேலை செய்வார்கள். முன்வரிசைக்காரி பாட்டை எடுப்பாள். அது பாதியில் நின்றால் பக்கத்து வரிசைக்காரி நின்ற இடத்திலிருந்து அந்த அடியைப் பாடி முடிக்க வேண்டும். முதலில் பாடியவள் அடுத்த அடியை வாங்கிக்கொண்டால் — நன்றாக இருக்கிறாள், தண்ணீர் குடித்திருப்பாள். வாங்கவில்லையா? பாம்போ, சறுக்கலோ, மயக்கமோ... எல்லோரும் ஓட வேண்டும்.

வருஷக்கணக்காகப் பாட்டை எடுத்தது ரோஸம்மாக்காதான். பெரும்பாலும் அந்தம்மாவின் பாட்டுகள். அதில் ஒன்றுக்கு எஸ்டேட்டில் வைத்த பெயர் 'உச்சிப் பாட்டு'. சரணத்தின் கடைசி அடி ஒரே மூச்சில் மேலே மேலே ஏறும். நான் வருவதற்கு முன், போன சீசனில் ஒரு நாள் அந்த அடியில் அக்காவின் குரல் பிளந்துபோனதாம். யாரோ ஒரு சின்னப்பெண் சிரித்துவிட்டாள். அன்றோடு அக்கா பாடுவதை நிறுத்திவிட்டார். இப்போது ஒரு ஸ்பீக்கர் பாடுகிறது. ஆனால் ஸ்பீக்கருக்கு என்ன தெரியும்? யார் விழுந்தாலும் நிற்காமல் பாடும்.

"வாங்கக்கா, கச்சேரி அடிபொளியா இருக்கும்" என்றார் அந்தோணி.

"அந்தம்மா கொரலு என் காதுக்குள்ள நல்லாத்தாம்ப்பா இருக்கு. நேர்ல போயி அதக் கெடுத்துக்கிடவா?"

அக்கா யார் குரலைப் பற்றிப் பேசுகிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தம்மாவுக்கே முடியவில்லை என்றால் தனக்கும் முடிந்துபோயிற்று என்று அர்த்தம். அதை மேடை போட்டு, லைட் போட்டுப் பார்க்க வேண்டுமா?

மறுநாள் ஜீப்பில் போகும்போது கவுண்டர் மறுபடி போன் செய்தார், போனை ஸ்பீக்கரில் போட்டேன். எத்தனை பேர் வருகிறோம் என்று கேட்டார். இங்கே ஓர் அக்கா வர மாட்டேன் என்கிறார், குரல் போயிருக்குமோ என்று பயம் என்றேன்.

"ஏனுங்க, நமக்காவ இத்தன வருசம் பாடுனவங்க. ஒரு நாளு எதுக்க வந்து உக்காந்துட்டுப் போறதுல என்னங்க வந்துருது? நல்லாருந்தாத்தான் பாக்கப் போவமுங்களா?"

ஜீப்பை விட்டு இறங்கும்போது ரோஸம்மாக்கா என்னிடம் கேட்டார். "ஏம்ப்பா ஊர்சுத்தி, அங்கிட்டுக் குளிருமா? கம்பளி கொண்டாரணுமா?"

மீனாட்சிபுரத்தில் கம்பளியா! ஆனால் நான் சிரிக்கவில்லை. வருகிறார் அல்லவா? ஒரே ஒரு கண்டிஷன் போட்டார் — உச்சிப் பாட்டு ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவேன், யாரும் தடுக்கக் கூடாது.

போன ஞாயிறு விடியலில் கிளம்பினோம். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போகத்தான்... ஆனால் கம்பம், தேனி, பழனி, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். வழியெல்லாம் ஜீப்புக்குள் அதே வாதம். தேனியில் போகலாம் கட்சி ஜெயித்தது. பழனியில் தோற்றது. பொள்ளாச்சியில் பசி ஜெயித்தது. அக்கா மட்டும் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு வெயிலைப் பார்த்தபடி வந்தார்.

சாயங்காலம் கோயில் மைதானம் நிறைந்திருந்தது. முன்னால் நாற்காலிகள். எங்களுக்கு இடம் பின்னால், மண் தரையில். அந்தம்மாவை இரண்டு பேர் கைபிடித்து மேடைக்கு அழைத்து வந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடினார். முதல் பாட்டுக்கு இசை ஆரம்பித்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ஒரு கட்டை இறக்குங்கப்பா. நானே இறங்கிட்டேன், நீங்க மட்டும் எதுக்கு மேலேயே நிக்கிறீங்க?"

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். வாத்தியக்காரர்கள் சுருதியைக் குறைத்தார்கள். பாட்டு கொஞ்சம் கனமாக, கொஞ்சம் நிதானமாக வந்தது. காஸெட்டில் கேட்ட குரல் இல்லை. ஆனால் ஆடாமல் நின்றது... உட்கார்ந்து நின்றது என்று சொல்ல வேண்டும். நான் ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தேன். மோவாயைக் கம்பளிமேல் வைத்து, கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் அது வந்தது. உச்சிப் பாட்டின் முதல் புல்லாங்குழல். அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சொன்னது சொன்னதுதான். ஆனால் அவ்வளவு கூட்டத்தில் எந்தப் பக்கம் போவது? வழி தேடி நிற்கும்போதே சரணம் வந்துவிட்டது. அந்தம்மா கடைசி அடியில் ஏறினார். பாதி ஏறினார்.

நின்றுவிட்டது.

தபலா மட்டும் கொஞ்ச தூரம் போய், அதுவும் தயங்கியது. முன்வரிசையில் போன்கள் உயர்ந்தன. அடுத்த வீடியோ ரெடி!

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. கரடுமுரடான, பழைய குரல். நின்ற இடத்திலிருந்து அந்த அடியை எடுத்து, மேலே கொண்டுபோய், உச்சியில் வைத்தது. ரோஸம்மாக்கா... கையில் செருப்போடு!

யோசித்தெல்லாம் பாடவில்லை. பாட்டு நின்றால் எடுக்க வேண்டும். அது அவர் உடம்பில் ஊறிய வேலை. அவ்வளவுதான். ஆனால் ஒரு வருஷமாக எட்டாத அடி அன்று எப்படி எட்டியது? ஒரு கட்டை இறக்கியிருந்தார்களே!

நாற்காலிக்காரர்கள் திரும்பி முறைத்தார்கள். ஒருவர் 'உஸ்' என்றார். அக்கா எதையும் பார்க்கவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். அவர்கள் எதற்குக் காத்திருந்தார்கள் என்று அந்த மைதானத்தில் எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தம்மா அடுத்த அடியை வாங்கிக்கொண்டார்.

எங்கள் வரிசை முழுவதும் மூச்சு விட்டது. நன்றாக இருக்கிறார்!

பாட்டு முடிந்ததும் கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து மைக்கில் கேட்டார். "யாரும்மா அது? எங்க கத்துக்கிட்ட?"

"ஏலக்காட்டுலம்மா" என்று அக்கா கத்தினார்.

"சரி, இன்னொரு தடவை பாடுவோம். மேல போற அடி உனக்கு, மிச்சமெல்லாம் எனக்கு. சம்மதமா?"

பாடினார்கள். மேடையில் ஒருவர், மண் தரையில் ஒருவர். இந்த முறை 'உஸ்' சொன்னவரே எழுந்து நின்று கைதட்டினார். அந்தோணி என் தோளில் குத்திய குத்து இன்னும் வலிக்கிறது. கவுண்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புழுக்கமுங்க" என்றார்.

நமக்கு நரைக்கலாம், பல் விழலாம், மூட்டு தேயலாம். நமக்குப் பிடித்தவர்கள் மட்டும் காஸெட்டில் இருந்த வயதிலேயே இருக்க வேண்டும். என்ன நியாயம் இது? அந்தம்மா அப்படி எதுவும் தன்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை. எட்டவில்லையா, இறக்கு. நின்றுவிட்டதா, எடுத்தவளிடமிருந்து வாங்கு. பாட்டு போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

திரும்பி வந்து காட்டில் இறங்கிய முதல் காலையில் ஸ்பீக்கர் ஜீப்பிலேயே கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. நல்ல மஞ்சு. முன்வரிசையிலிருந்து உச்சிப் பாட்டு கிளம்பியது — ஒரு கட்டை இறக்கி. போன சீசனில் சிரித்த அதே சின்னப்பெண், இது ரொம்பக் கீழே இருக்கிறது, பாட வரவில்லை என்று எங்கிருந்தோ குறைப்பட்டாள்.

செடிகளுக்கு நடுவிலிருந்து ரோஸம்மாக்காவின் பதில் வந்தது.

"குனிஞ்சுதான காய் எடுக்க? குனிஞ்சே பாடு."