தம்பி பிறந்ததற்குச் சாட்சி தேடிய காசீம் நானா

லுணுகலையில் பஸ் ஏறும்போதே கண்டக்டர் சொல்லிவிட்டான். "பெருசு, பதுளைத் துணிக்கடை நானா மௌத்தாயிட்டாரு. நேத்தே அடக்கிட்டாங்க." பதுளையில் இறங்கிப் போனால் கடை அடைத்துக் கிடந்தது. வாசலில் நின்றவர்கள் "சாந்தமான மனுஷன்" என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. காசீம் நானாவை அறிந்தவர்களே, அவர் சாந்தமானவர் இல்லை. எழுத்தறியாத நான் இதைச் சொல்லி எழுதவைப்பதே அதற்காகத்தான்.

நாங்கள் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப்போட்ட காலம். இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டு வா என்றார்கள். நானும் என் தம்பி அந்தோணியும் விழித்துக்கொண்டு நின்றோம். தம்பி கலியாணத்துக்குச் சேலை எடுத்த பழக்கம்தான் நானாவோடு. விஷயத்தைக் கேட்டவர் கடையைப் பூட்டிவிட்டு எங்களை மாதா கோயிலுக்கு இழுத்துப் போனார். பங்குச்சாமியார் ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டி என் பெயரை வாசித்தார். அப்பன், ஆத்தா, பிறந்த தேயிலைத் தோட்டம் எல்லாம் இருந்தது.

வெளியே வந்ததும் நானா சொன்னார்: "நான் கோயிலுக்குள்ள போனத எங்கட பள்ளிவாசல்ல போட்டுக் குடுத்திடாதீங்க."

"கோயில்ல ஒங்ககிட்ட காணிக்கை கேக்காம விட்டதே பெருசு நானா" என்றான் தம்பி.

அவன் பெயர் அந்தப் புத்தகத்தில் இல்லை. அவன் பிறந்தது ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்தில். அடைமழையில் பிள்ளையைத் தூக்கிப்போக முடியாமல், உபதேசியார் நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பிராவிலேயே தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்தார். யாரும் எழுதிவைக்கவில்லை. மிச்சமிருந்தது தோட்டத்து ஆபீஸ் பதிவு.

அங்கேயும் நானா வந்தார். "பழைய புத்தகமெல்லாம் செல்லரிச்சுப் போச்சு, கொளுத்திட்டோம்" என்றார் கிளாக்கர், நாற்காலியை விட்டு எழும்பாமலே. திரும்பும் வழியில் துரை பங்களாவுக்குக் கீழே ஒரு சின்னக் கல்லறை. நானா குனிந்து வாசித்தார். பழைய துரை வளர்த்த நாயாம். பெயர், பிறந்த நாள், செத்த நாள், எல்லாம் கல்லில் வெட்டியிருந்தது. நானா விறுவிறுவென்று ஆபீசுக்குத் திரும்பினார்.

"நாய் பொறந்த தேதி இருக்கு. இவன் பொறந்த தேதி எங்க?"

"சத்தம் போடாதீங்க முதலாளி."

"சத்தம் போடத்தான் வந்தேன்."

ஒரே வயிற்றில் பிறந்த எங்களில் எனக்கு நாடு கிடைத்தது, தம்பிக்கு இல்லை. "கூடப் பொறந்தவன் நானே சாட்சிங்க" என்றேன். "கடதாசி இருக்கா?" என்றார் விசாரித்த அதிகாரி, தலை நிமிராமல். எங்கள் அப்பன் காடு வெட்டிக் கன்று நட்ட மலையில் நின்றுகொண்டு என்னிடம் கடதாசி கேட்டார்கள்.

பதுளை ஸ்டேஷனில் தம்பி பெண்டாட்டி பிள்ளைகளோடு இந்தியக் கப்பலைப் பிடிக்க ரயிலேறினான். நானா வந்திருந்தார். "போயிட்டு வாறேன் நானா" என்று தம்பி கும்பிட்டான். நானாவின் முகம் சிவந்துவிட்டது.

"நீ எங்கடா போற? போறேன்னு சொல்லாத. அனுப்புறாங்கன்னு சொல்லு!"

ரயிலடியே திரும்பிப் பார்த்தது. தம்பி அழுதுகொண்டே சொன்னான். "சத்தமா" என்றார் நானா. மறுபடியும் சொன்னான்.

இன்றைக்கும் யாராவது "ஒங்க தம்பி இந்தியாவுக்குப் போயிட்டாருல்ல?" என்று கேட்டால், நிறுத்திவைத்துத் திருத்துகிறேன். போகவில்லை, அனுப்பினார்கள். நானாவிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தக் கோபம்தான். சாகிறவரை வைத்திருப்பேன்.