பெட்ராவுக்கு ஐந்து நாள்

வெள்ளைக்காரர் அடுத்த வருடத்தைக் கையோடு கொண்டு திரிவார்கள் என்பதை நான் முதலில் கண்டது மார்கரெட்டின் கைப்பையில்தான். தெற்கு லண்டன் குரோய்டனில் வியாழக்கிழமை மாலைகளில் நடக்கும் ஒரு வகுப்பு. பழைய நகரங்களைப் பற்றியது. தேநீர் இடைவேளையில் அந்த அம்மா உள்ளங்கை அகலத்தில் ஒரு டயறியை எடுத்து, வருகிற மார்ச் மாதம் இரண்டாவது கிழமை எனக்கு வேலை ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். அப்போது ஏப்ரல். பதினொரு மாதங்கள் இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சந்தோசத்தில் சிரிக்கிறேன் என்று நினைத்து அவர் என் பெயரைப் பென்சிலால் எழுதிக்கொண்டார். அப்படித்தான் நான் பெட்ராவுக்குப் போகிறவர்களில் ஒருத்தியானேன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் ஏன் சிரித்தேன் என்று விளங்கும். எங்களுக்குப் பயணம் என்பது வாய்விட்டுச் சொல்லும் காரியமல்ல. எண்பத்தாறில் நான் கொழும்புக்கு ரயில் ஏறிய காலையில், பக்கத்து வீட்டாருக்கு அம்மா சொன்னது பிள்ளை டொக்டரிடம் பல்லுக் காட்டப் போகிறாள் என்று. பெட்டி முதல் நாளே வேறொருவர் சைக்கிளில் போய்விட்டது. கூடப் படித்த தோழிக்கு லண்டனில் இருந்துதான் கடிதம் போட்டேன், அவள் பதில் போடவில்லை. சொன்னால் கண் படும், சொன்னால் யாராவது மறிப்பார்கள், சொன்னால் காரியம் கெடும். போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்கள் ஆட்கள் புறப்படுவார்கள். அப்படி வளர்ந்தவளிடம் பதினொரு மாதம் முன்னதாக நாள் கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வது?

ஆனால் ஆசை பிடித்துக்கொண்டது. நான் யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படித்தவள். இரண்டாம் வருடத்தில் ஒரு விரிவுரையாளர் வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி, அதில் படம் காட்டினார். பெட்ரா, ஜோர்தானில் செம்மலையைக் குடைந்து கட்டிய நகரம். மற்றவர்கள் வாசலின் தூண்களைப் பார்த்தார்கள். நான் பார்த்தது பாறையின் இடுப்பளவில் ஓடிய வாய்க்காலை. ஆறில்லாத இடத்தில் மழையைப் பிடித்து வைத்து ஒரு நகரமே குடித்திருக்கிறது. ஆறில்லாத ஊரில் கிணற்று நீர் உவராகிப் போவதைக் கண்டு வளர்ந்தவளுக்கு அது சும்மா கல்லாகத் தெரியவில்லை. அந்த வருடம் மாந்தைப் பழந்துறைக்கு மூன்று நாள் களப்பயணம் போக இருந்தோம். கொப்பியும் அளவுநாடாவும் வாங்கி வைத்திருந்தேன். சண்டையில் பாதை பூட்டிப் பயணம் நின்றது. பிறகு கல்யாணம், பிறகு லண்டன், பிறகு நோர்பரியில் ஒரு ட்ரை கிளீனர்ஸில் அடுத்தவர்களின் கோட்டுகளை அயன் பண்ணும் வேலை. அளவுநாடா எங்கே போனது என்று தெரியாது.

வகுப்பில் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் பென்சன் எடுத்தவர்கள். மார்கரெட் முன்பு பூகோளம் படிப்பித்தவர். என்னைத் தவிர எல்லோரும் எங்காவது போய் வந்தவர்கள், ஆனால் புத்தகம் அதிகம் வாசித்தவள் நான் என்று கண்டு, ஐந்து நாள் திட்டத்தை எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள். தோர்ண்டன் ஹீத் நூலகத்தில் சனிக்கிழமைகளில் இருந்து எழுதினேன். முதல் நாள் காலை, மலை இடுக்கு வழியே உள்ளே போக வேண்டும். கருவூலம் என்று சொல்லப்படும் வாசலில் வெயில் விழுவது ஒன்பது மணிக்குப் பிறகுதான், ஆகவே அவசரப்படாமல் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். இரண்டாம் நாள் மேட்டுப் பலிபீடம். மூன்றாம் நாள் அரச கல்லறைகள், மாலை வெயிலில். நான்காம் நாள் மடாலயம். அது மேற்கே பார்த்தது, பிற்பகலில் ஏறினால்தான் அழகு, எண்ணூறு படிக்கு மேல், முழங்கால் நோவுள்ளவர்களுக்குக் கழுதை உண்டு. ஐந்தாம் நாள் வடக்கே சின்னப் பெட்ரா. எங்கே தண்ணீர்ப் போத்தல் வாங்கலாம், எங்கே நிழல் இருக்கும் என்பதுவரை எழுதினேன். மார்கரெட் அதை டைப் அடித்து எல்லோருக்கும் கொடுத்தார். இந்த நாட்டில் என் பெயர் போட்ட முதலாவது எழுத்து அதுதான்.

என் கணவர் எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு வந்தவர். பெற்றோல் ஸ்டேசனில் ஷிப்ட் வேலை. எங்களுக்கு விசா உறுதியாகி, பிரஜாவுரிமை எடுத்து, சிவப்பு மட்டைப் பாஸ்போர்ட் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பயணத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை. "நீர் போயிட்டு வாரும். ஐஞ்சு நாள்தானே, நான் சமைச்சுச் சாப்பிடுவன்" என்றார். ஜனவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை அவரே என்னைக் குரோய்டனுக்குக் கூட்டிக்கொண்டு போய், மலையில் நடக்கிற சப்பாத்து வாங்கித் தந்தார். கடையில் முழந்தாளில் இருந்து, பெருவிரல் முட்டுகிறதா என்று அமத்திப் பார்த்தார். கல்யாணமாகி எட்டு வருடத்தில் அவர் என் காலைத் தொட்டது அன்றுதான். நான் கூச்சப்பட்டேன், பெருமையும் பட்டேன். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

பிப்ரவரி நடுவில், ஜோர்தான் விசாவுக்காக எல்லோரும் வருகிற வியாழக்கிழமை பாஸ்போர்ட் கொண்டுவர வேண்டும் என்று மார்கரெட் சொன்னார். புதன்கிழமை வேலையால் வந்து அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேசை இறக்கினேன். என் பாஸ்போர்ட், பயணக் கொம்பனிக்கு நிரப்பிக் கொடுத்த படிவத்தின் பிரதி, டைப் அடித்த திட்டம் மூன்றையும் ஒரு மண்ணிற உறையில் வைத்திருந்தேன். உறையைக் காணவில்லை. அவருடைய பாஸ்போர்ட் இருந்தது. கல்யாண அத்தாட்சி இருந்தது. சூட்கேசைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு நிமிர்ந்தபோது அவர் வாசலில் நின்றார். தேடுவதற்கு உதவிக்கு வரவில்லை.

"அது வதனியிட்டைப் போயிட்டுது" என்றார்.

வதனி அவருடைய கடைசித் தங்கை. கனடாவுக்கென்று புறப்பட்டு, பாங்கொக்கில், ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்சிக்காரன் வைத்திருந்த அறையில் எட்டு மாதமாகக் கிடந்தாள். எங்கள் ஆட்களிடம் தலை மாற்றுவது என்றொரு வேலை உண்டு. ஒருவருடைய பாஸ்போர்ட்டில் இன்னொருவரின் படத்தை ஒட்டுவது. இதில் அதுகூடத் தேவையில்லை என்று சட்டனில் இருக்கும் ஒருவர் சொன்னாராம். பொட்டு வைத்து, தலையைப் பின்னால் இழுத்துக் கட்டினால் நானும் வதனியும் ஒன்றுதானாம். எனக்கும் அவளுக்கும் பத்து வயது வித்தியாசம். பாஸ்போர்ட் போனது ஜனவரி நடுவில். சப்பாத்து வாங்கியது அதற்கு இரண்டு கிழமைக்குப் பிறகு.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"பயணச் சங்கதி ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு உமக்குத் தெரியாதே?"

"அது என்ரை பாஸ்போர்ட்."

"அவள் ஒரு அறைக்குள்ளை ஏழு பேரோடை படுக்கிறாள். நீர் கல்லுப் பாக்கப் போறீர். சொல்லியிருந்தா நீர் தந்திருப்பீரோ?"

தந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அழுதிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு நானே உறையை எடுத்துக் கொடுத்திருப்பேன். அந்த நல்ல மனுசியாக இருக்கும் சந்தர்ப்பத்தையும் அவர் எடுத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சப்பாத்து. நான் போகப் போவதில்லை என்று தெரிந்துகொண்டே பெருவிரலை அமத்திப் பார்த்த மனிதர். என் கோபம் முழுக்க அங்கேதான் இருந்தது, இன்னும் இருக்கிறது. ஊரில் பக்கத்து வீட்டாருக்குத்தான் பயணத்தை ஒளித்தோம். இங்கே என் பயணத்தை எனக்கே ஒளித்தார்கள்.

ஒரு வழி இருந்தது. பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று பொலிசில் சொல்லிவிட்டு, பாஸ்போர்ட் ஒபிசுக்குப் போய் நின்றால் ஒரு கிழமைக்குள் புதியது கிடைத்துவிடும். மார்ச் இரண்டாவது கிழமைக்கு நேரம் இருந்தது. ஆனால் சொன்ன கணத்திலிருந்து பழைய நம்பர் கெட்டுவிடும். அந்த நம்பரோடு வதனி எங்காவது வரிசையில் நின்றால் அவளைப் பிடிப்பார்கள். "அவள் போய்ச் சேந்து போன் வருமட்டும் வாயைத் திறக்கக் கூடாது" என்றார் இவர். எப்போது போவாள்? நாளைக்கு, நாளையிண்டைக்கு, வாற கிழமை. ஏஜென்சிக்காரனின் கலண்டரில் வேறு நாள் கிடையாது. நான் பொலிஸ் ஸ்டேசன் இருக்கும் தெருவழியே இரண்டு தரம் போனேன். படியில் கால் வைக்கவில்லை. ஏழு பேர் படுக்கும் அந்த அறை கண்ணுக்குள் நின்றது.

மார்கரெட்டிடம் வர ஏலாது என்று சொன்னேன். ஏன் என்றார். உண்மையைச் சொல்ல முடியாது, பொய்யும் ஆயத்தமாக இல்லை. "என் கணவர்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். அவருடைய முகம் மாறியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கும் உரிமை இருக்கிறது, நீ அவரை எதிர்த்து நிற்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். அடுத்த கிழமை, வீட்டில் அடிவாங்கும் பெண்களுக்கான ஒரு துண்டுப் பிரசுரத்தைப் புத்தகத்துக்குள் வைத்துத் தந்தார். மனைவியை அடைத்து வைக்கும் ஆசியக் கணவன் என்று என் மனிதரை நினைத்துவிட்டார். அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, அப்படியில்லாவிட்டால் எப்படி என்ற கேள்வி வருமே என்று விட்டுவிட்டேன். உள்ளதைச் சொன்னால் ஒரு அப்பாவிப் பெண் பிடிபடுவாள், சொல்லாவிட்டால் என் புருசனுக்குக் கெட்ட பெயர். கெட்ட பெயரே இருக்கட்டும் என்று விட்டதில் எனக்குக் கொஞ்சம் திருப்தியும் இருந்தது.

அவர்கள் போனார்கள். என் இடத்துக்கு யாரோ ஒரு டொறத்தி போனார். அவர்கள் பெட்ராவில் மூன்றாம் நாள் நிற்க வேண்டிய ஞாயிறு காலையில், ரொறன்ரோவில் இருந்து வதனியின் போன் வந்தது. இவர் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு குந்தி இருந்து அழுதார். பாஸ்போர்ட்டை விமானத்துக் கழிப்பறையில் கிழித்துப் போட்டுவிட்டு, இறங்கியதும் தன் சொந்தப் பெயரைச் சொல்லி அடைக்கலம் கேட்டாளாம். நல்லது. பிழைத்துவிட்டாள். சந்தோசம்தான். திங்கட்கிழமை பொலிசுக்குப் போய், 109 பஸ்ஸில் தொலைத்துவிட்டேன் என்றேன். எழுதிக்கொண்ட இளம் பொலிஸ்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கவலைப்படாதீர்கள், வெறும் பாஸ்போர்ட்தானே என்று ஆறுதல் சொன்னான். அவனுக்கு அது வெறும் பாஸ்போர்ட்தான்.

பிறகு கோவிலிலும் கல்யாண வீடுகளிலும் செய்தி பரவி, எனக்கு ஒரு நல்ல பெயர் வந்தது. மச்சாளுக்குப் பாஸ்போர்ட்டைத் தூக்கிக் கொடுத்த மனுசி. நான் கொடுக்கவில்லை என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. இவர் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். புதுப் பாஸ்போர்ட் வந்தது. அடுத்த வருடம் போயிருக்கலாம், இவரும் பல தரம் போகச் சொன்னார். போகவில்லை. சப்பாத்தைப் பனிக்காலத்தில் வேலைக்குப் போட்டுத் தேய்த்துவிட்டேன்.

இது நடந்து நான்கு வருடமாகிறது. வதனி ஞாயிறுகளில் எடுப்பாள். போன ஞாயிறு இவர் வேலைக்குப் போயிருந்தார், நாங்கள் இருவரும் நீண்ட நேரம் கதைத்தோம். அவள் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள். பாங்கொக்கில் விமானம் ஏறும் இடத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி அவளை மறித்து, பெயரும் பிறந்த திகதியும் கேட்டானாம். படிவத்தைப் பார்த்துப் பாடமாக்கி இருந்தாள், சொன்னாள். அவனுக்குத் திருப்தியில்லை. கனடாவுக்குப் பிறகு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டான்.

"உறைக்குள்ளை இருந்த உங்கடை ஐஞ்சு நாள் பேப்பரையும் பாடமாக்கினனான் மச்சாள். ஜோர்தானுக்குப் போறன், பழைய நகரம் பாக்க, எங்கடை வகுப்போடை எண்டு சொன்னன். என்ன பாப்பாய் எண்டான். ஒவ்வொரு நாளாச் சொல்லத் தொடங்கினன். நாலாம் நாள் கழுதை வருமட்டும் சொன்னன். அவன் சிரிச்சுப்போட்டு விட்டிட்டான்."

பிறகு அவள் கேட்டாள்.

"நீங்கள் பிறகு போய் வந்தியளெண்டு அண்ணா சொன்னவர். அந்த ஊர் வடிவோ?"

இவர் அவளிடம் என்ன சொல்லி வைத்திருந்தார் என்று அப்போது விளங்கியது. இங்கிருந்து அங்கே ஒரு பொய் போயிருந்தது. அதை உடைத்தால் அவள் தாங்கமாட்டாள்.

"ஓம், வடிவு" என்றேன். "மலைக்கு நடுவாலை நடந்து போகவேணும். கை தொடுற உயரத்திலை வாய்க்கால் வரும். பிறகு வெயில் விழுற வாசல். ரெண்டாம் நாள் பின்னேரம் மடாலயத்துக்கு ஏறினம், எண்ணூறு படி..."

"இல்லை மச்சாள்" என்றாள் வதனி. "மடாலயம் நாலாம் நாள். ரெண்டாம் நாள் பலிபீடம்."

அவள் சொன்னதுதான் சரி. மிச்சத்தை நீயே சொல்லு என்றேன். அவள் சொல்லிக்கொண்டு போனாள், நான் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியில் குந்தி இருந்து, ஐந்தாம் நாள் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.