தோட்டத்துச் சனத்தின் பாட்டு

வவுனியாவில் எங்கள் இசைக்குழுவுக்கு நான்தான் அறிவிப்பாளன். பாடுகிறவர்கள் மைக்கைப் பார்ப்பார்கள், நான் சனத்தைப் பார்ப்பேன். இப்போது மேடை ஏறுகிற தம்பி தங்கச்சிமாருக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். எண்பதாம் ஆண்டுக்குச் சற்று முந்திய கதை.

எங்களோடு சாக்ஸபோன் வாசித்தவர் டெரன்ஸ் அண்ணை. பறங்கிக் குடும்பத்து ஆள், தகப்பன் றெயில்வேயில் இருந்தவர். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோகப் பாட்டான புளூஸ் முறையில் தானே கட்டிய மெட்டு ஒன்றை வாசிப்பார். மெதுவான மெட்டு. கேட்டால், குளக்கட்டில் தனியே சைக்கிள் உருட்டிக்கொண்டு போவதுபோல எனக்கு இருக்கும். மனுசனுக்கு உயிரே அதுதான்.

கொக்கிளாயில் கடற்கரை மேடை. பொடியள் பைலாவுக்கு ஆடி மணலைக் கிளப்பிவிட்டு இளைத்துக்கொண்டு நின்றார்கள். "அடுத்து ஒரு புளூஸ்" என்றேன். அவ்வளவுதான்.

"ஆற்ற பிளவுஸ் அண்ணை?"

யாருடைய பிளவுஸ் என்று ஒரு பொடியன் கேட்டதும் கரை முழுக்கச் சிரிப்பு. விசிலடி வேறு. டெரன்ஸ் அண்ணை தொடங்கிய மெட்டைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

அடுத்தது மல்லாவி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்கிற குடும்பங்கள், பாயில் சம்மணமிட்டுத் தொடையில் தாளம் போடுகிற ஆட்கள். புளூஸ் என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. "அமெரிக்காவில் தோட்டத்தில் வேலை செய்த சனத்தின் பாட்டு முறை இது" என்றேன். அவர்களுக்குத் தோட்டமென்றால் வெங்காயமும் மிளகாயும்தானே! மெட்டு முடிந்ததும் முன்னுக்கிருந்த ஐயா கேட்டார்:

"தோட்டம் செய்யிறவனுக்கு ஏன் தம்பி இவ்வளவு அழுகை? இறைக்கத் தண்ணி காணாதோ? சுருதியும் இடைக்கிடை விலகுது, கவனியுங்கோ."

மறுபடியும் சிரிப்பு. திரும்பும்போது வான் வண்டிக்குள் குழுத்தலைவர் சின்னராசா மாஸ்டர் முடிவாகச் சொன்னார்.

"டெரன்ஸ், இன்னும் ஒருக்காத்தான். அதுவும் எடுபடாட்டி உந்த மெட்டை விட்டிடும். சனம் எங்களை நக்கலடிக்குது."

"ஓம் மாஸ்டர்."

டெரன்ஸ் அண்ணை சாக்ஸபோன் பெட்டியை மடியில் வைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பாவம்.

அந்த ஒருக்கா வந்தது வவுனியாவுக்கு அங்கால், ஒரு குடியேற்றத்துக் கோயில் திருவிழாவில். மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்களில் இருந்துவிட்டு வந்து, காடு வெட்டிக் குடியிருந்த சனம். பொழுது பட்டு மம்மலான நேரம். வைக்கோல் புகை தாழ்வாகப் படர்ந்திருந்தது. பெற்றோல்மக்ஸ் விளக்கு வெளிச்சத்தில் புழுதிகூட வடிவாகத் தெரிந்தது. வேறு வசனம் தெரியாததால் மல்லாவியில் சொன்னதையே பயந்து பயந்து சொன்னேன்.

தோட்டம் என்றதும் கதைத்துக்கொண்டிருந்த வாய்களெல்லாம் நின்றன.

மெட்டு மெல்ல எழும்பி மரங்களுக்கு மேலால் போயிற்று. எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே எனக்கு மறந்து போனது. முடிந்தபோது கைதட்டலும் இல்லை, சிரிப்பும் இல்லை. மாஸ்டர் என் காதுக்குள், "அடுத்த பாட்டைச் சொல்லும், கெதியா" என்றார்.

அதற்குள் முன்னால் இருந்த ஓர் அம்மா எழும்பிவிட்டார்.

"ஏங்க, அந்த அமெரிக்கா தோட்டத்துல கங்காணி இருந்தானுங்களா?"

டெரன்ஸ் அண்ணை மைக்குக்குக் கிட்ட வந்தார். "இருந்தவன், அம்மா."

"லயத்துலதான் வரிசையா குடி வச்சிருந்தாங்களா?"

"ஓம் அம்மா. அப்பிடித்தான்."

அம்மா பின்னால் திரும்பித் தன் சனத்தைப் பார்த்து, "நம்ம ஆளுங்கதான்" என்றார். பிறகு மேடையைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை ஊதுங்கய்யா."

டெரன்ஸ் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். மாஸ்டர் போய் ஆர்மோனியத்தில் சுருதி பிடித்தார். அந்த மெட்டைக் கைவிடச் சொல்லும் பேச்சு அதோடு முடிந்தது.

பிள்ளைகளே, சனம் சரியில்லையென்று மேடையில் நின்று ஒருநாளும் சலிக்காதீர்கள். நீங்கள் சொல்கிற சொல் அவர்கள் வீட்டில் என்ன பொருளில் இருக்கிறது என்று முதலில் கேட்டுப் பாருங்கள். எங்கள் தோட்டம் என்ற சொல்லை அந்த அம்மா அப்படித்தான் கேட்டுப் பார்த்தார்.