ஒட்டிக் கட்டாத வீடு

அரசுத் திட்டத்தில் ஏழைகளுக்கு இத்தனை வீடு கட்டி முடிக்க வேண்டும் என்று எங்கள் பஞ்சாயத்துக்கு வருடா வருடம் மேலிருந்து ஒரு எண்ணிக்கை வரும். குன்னூர்ப் பக்கத்து மலையில் வீடில்லாதவர்களுக்குக் குறைவில்லை. சொந்தப் பட்டா நிலம் இருந்தால்தான் வீடு கிடைக்கும் என்பதுதான் சிக்கல். நாங்கள் குடியிருந்த லைன் வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டிய தொழிலாளர் வரிசை வீடுகள், தேயிலை எஸ்டேட் நிலத்தில் நிற்பவை.

அந்த வருடம் எண்ணிக்கைக்கு ஒரு வீடு குறைந்தது. அம்மா விட்டுப்போன இரண்டு சென்ட் பட்டா என்னிடம் இருந்ததால், பஞ்சாயத்து கிளார்க் என்னைத் தேடி வந்தார்.

"ஏனுங்க, ஒண்டியாளுக்கு இன்னும் என்னத்துக்குங்க யோசனை? நீங்க ஒருத்தர் சரின்னா எங்க டார்கெட் முடிஞ்சுதுங்க."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புது வீடு வந்தால் லைன் அறையை எஸ்டேட்டுக்குத் திருப்பித் தர வேண்டும். நான் யாரோடும் உட்கார்ந்து பேசிப் பழகாதவன். ஆனால் அந்த அறையின் சுவருக்கு அந்தப்பக்கம் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் குடும்பம் இருந்தது. குக்கர் விசில், அந்த அம்மா புருஷனைத் திட்டுவது, அந்தப் புருஷனின் இருமல் எல்லாம் என் வீட்டிலும் நடப்பதுபோல் இருக்கும். நான் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை.

என் இரண்டு சென்டில் அளவு பார்க்க வந்த ஓவர்சியரிடம் எப்படியோ கேட்டுவிட்டேன். "சார், பக்கத்து ஊட்டுச் செவுத்தோட ஒட்டிக் கட்டிக்கலாமுங்களா?"

அவர் சிரித்தார். "ஒட்டிக் கட்டிட்டான்னு சண்டைக்கு வர்றவங்களத்தான் பாத்திருக்கறேன். பிளான்ல தனி ஊடுதானுங்க, மாத்த முடியாது."

வீடு முடிந்தது. வாசலில் என்னை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். கிளார்க்கின் முகம் அன்று தெளிந்திருந்தது.

நல்ல வீடு, ஒழுகுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் குளிருக்கு ஜன்னலே திறப்பதில்லை.

ஒரு நாள் ரேஷன் கடையில் லைன் வீட்டு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னங்கண்ணா, உங்க ரேடியோ சத்தத்துலதான் நாங்க எந்திரிப்போம். இப்ப வேலைக்கு லேட்டாப் போயி தெனமும் சூப்பர்வைசர்கிட்டப் பேச்சு வாங்கறேன். நீங்க ஊடு கட்டினீங்க, என் பொழப்பு போச்சு."

அவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று அந்த ரேடியோவை எப்போதும் மெதுவாகத்தான் வைத்திருந்தேன். அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் லைன் வீடுகளைப் பார்த்த ஜன்னலைத் திறந்து, ரேடியோவைத் திட்டில் வைத்துச் சத்தத்தை முழுக்க ஏற்றினேன். நடுவில் தேயிலைச் சரிவு, அதை மூடிய பனி. தினமும் அப்படித்தான் வைக்கிறேன். அங்கே போய்ச் சேருகிறதா என்று அந்த அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.